மூன்றாம் கல்லுக்கு அடியில்

மண்ணூர்பேட்டை,
வியாழன் இரவு.

அன்புள்ளவருக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா கார்த்திகா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீங்களும் மஸ்கட்டில் இருந்துகொண்டு சமாதானம் சொல்வீர்கள். எனக்கு வேண்டியது சமாதானம் இல்லை, பதில். இதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. மரத்தூளால் இருக்குமோ என்று பயந்தேன். டாக்டர் இல்லை என்றார். ஆனாலும் தூளியைப் பட்டறையின் முன்னறைக்கு மாற்றிக் கட்டிவிட்டேன்.

வெள்ளானூர் சிவராமன் சாரின் பழைய பில்லியர்ட்ஸ் மேசை பழுதுபார்க்க வந்திருக்கிறது. அவர் தாத்தா காலத்தது, எட்டுக் கால், ஐந்து ஸ்லேட் கல். உங்கள் அண்ணன் ஒரு கல்லுக்குக்கூட அடையாளம் போடாமல் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டார். ஒரு கல்லின் பித்தளை முளை அதன் பக்கத்துக் கல்லின் துளையில் மட்டும்தானே சேரும்? இவர் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், சேரவில்லை. “முளைய அறுத்துட்டு பட்டி வச்சு மூடிடலாம். மேல துணி வரப்போவுது, எவன் பாக்கப் போறான்” என்று மிஷினை எடுத்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். “கைக்கொழந்தைய வச்சிகினு இன்னாத்துக்கும்மா கல்லுகூட மல்லுக்கட்ற? பட்டறை சாவியக் குடுத்துட்டு அம்மா ஊட்டுக்குப் போ. தம்பியே சரின்னுட்டான்” என்றார்.

அவர் போன பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கத்தையும் துடைத்தேன். அழுக்குக்குள் உளிக்கோடு இருந்தது. ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு, இப்படி ஐந்து வரை. செய்தவன் எழுதித்தான் வைத்திருக்கிறான், யாரும் குனிந்து பார்க்கவில்லை. நம் பட்டறை அமல்ராஜ் மூன்று ஆட்களோடு தூக்கிக் கொடுத்தார். முளைகள் எல்லாம் தம் துளையில் போய் உட்கார்ந்தன.

ரசமட்டம் வைத்தால் மூன்றாம் கல்லின் ஒரு மூலை மட்டும் துளி தாழ்வு. ஆப்பு வைத்தால் அதிகமாகத் தூக்கியது. மெல்லிசாக, விறைப்பாக ஏதாவது வேண்டும். போன வாரம் உங்கள் அண்ணன் பட்டறைப் பெயரில் விசிட்டிங் கார்டு அடித்து வந்தார். நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு எடுத்த பட்டறை, கார்டில் அவர் பெயர் மட்டும். அதில் மூன்றை எடுத்துச் சொருகினேன். குமிழி நடுவில் நின்றது. “அண்ணாத்தே இன்னிக்குத்தான்க்கா பட்டறைக்கு ஒத்தாசையா கீறாரு” என்றார் அமல்ராஜ். எத்தனை நாளைக்கப்புறம் சிரித்தேன் தெரியுமா?

இணைப்புகளில் தேன்மெழுகு உருக்கி ஊற்றிச் சுரண்டிவிட்டு, ஒரு பந்தை மெதுவாக உருட்டினேன். நான்கு இணைப்பையும் சத்தமில்லாமல், விலகாமல் கடந்து போயிற்று. நாளை துணி இழுக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்க வருகிறாராம். தரமாட்டேன். நீங்கள் சரி என்று சொல்லியிருந்தாலும் தரமாட்டேன். ஆனால் சொன்னீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நன்றாக இருங்கள்.

சனிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

உங்கள்
ஹேமாவதி