திட்டுகிற பெட்டி

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலிருந்து சர்வர் வேலை செய்யவில்லை. வடக்குத்து கிராமத்தில் பார்த்த கர்ப்பிணிகள் விவரத்தை எல்லாம் கையால் எழுதி, குவார்ட்டர்ஸுக்கு வந்து மறுபடியும் போனில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு ஆப்பில் போட்டதையே இன்னொரு ஆப்பிலும் போட வேண்டும். நான் கிராம செவிலியரா, டைப்பிஸ்டா?

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் எங்கள் டாக்டர் ஒரு பெண்ணை அனுப்பி வைத்தார். பெயர் இசைப்பிரியா. முத்தாண்டிக்குப்பத்துப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. கர்ப்பிணிகள் வீட்டிலேயே பிரஷர் பார்த்துக்கொள்ள இவளும் தோழிகளும் சேர்ந்து செய்ததாம். வடக்குத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னொரு ஆப்பா? ஆளை வுடும்மா" என்றேன்.

"ஆப்பே இல்லீங்க்கா. கையில பட்டைய சுத்திகினு ஒரு பட்டன அழுத்தினா போதும். உள்ளயே சிம் கார்டு இருக்குது. அன்னன்னிக்கு அளவெல்லாம் சாயந்திரம் மொத்தமா உங்க போனுக்கு வந்துடும். நீங்க ஒண்ணும் டைப் பண்ண வேணாம்."

டைப் பண்ண வேண்டாம் என்றதும் மனசு இறங்கிவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அந்தப் பெண்ணை எப்படியும் மடக்கிவிட வேண்டும் என்றே என்னுடைய பிரஷர் மெஷினையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செக்கப்புக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை. கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்தது. அவள் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை" என்றேன். என் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

பிப்ரவரி 19, புதன்

முதல் பெட்டியைச் செந்தாமரை வீட்டில் வைத்தோம். நான்தான் அவள் பெயரைச் சொன்னேன். ஆறாவது மாதம். போன பிரசவத்தில் எட்டாம் மாதம் பிரஷர் ஏறி, பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அப்போதும் கடைசி நாள் வரைக்கும் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தவள். எது கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்" என்பாள். தலைவலி என்றாலும் ஒண்ணும் இல்லை, கால் வீங்கினாலும் ஒண்ணும் இல்லை. இந்த 'ஒண்ணும் இல்லை'யைக் கேட்டாலே எனக்குப் பயம்.

பெட்டியில் இரண்டு விளக்கு. பச்சை என்றால் சரியான அளவு, சிவப்பு என்றால் ஆபத்து. ஆபத்து என்றால் வீட்டு போனுக்கு உடனே மெசேஜும் போகும். இசைப்பிரியா ஒரு தடவை விளக்கிச் சொன்னாள். செந்தாமரை தலையை ஆட்டினாள். மாமியார் வள்ளியம்மாளும் ஆட்டினார். புருஷன் தனகோட்டி மைன்ஸ் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

இந்தப் பிள்ளையாவது கைக்கு வர வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

எல்லாம் பச்சை. மாலையில் அளவுகள் தானாக வந்து விழுகின்றன. இன்று சீக்கிரம் சமைத்தேன். என் வீட்டுக்காரரே ஆச்சரியப்பட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

தடுப்பூசி போட அந்தத் தெருவுக்குப் போனவள், சும்மா எட்டிப் பார்ப்போம் என்றுதான் செந்தாமரை வீட்டுக்குள் நுழைந்தேன். முகமே உப்பிப் போயிருந்தது. நேற்றிலிருந்து தலைவலியாம். வழக்கம்போல ஒண்ணும் இல்லையாம். பிரஷர் பார்த்தால் நூற்று அறுபதைத் தாண்டி நிற்கிறது.

"காலையில மெஷின்ல பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் சிஸ்டர்."

"செவப்பு எரியலயா?"

"எரிஞ்சிது. கரண்ட் இருக்குது, மெஷின் நல்லா ஓடுதுனு நெனச்சிகினேன்."

கடவுளே. சரிதானே அவள் சொல்வது? ஸ்விட்ச் போர்டில் எரிவது சிவப்பு. இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு. அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? சரி, அந்த மெசேஜ் எங்கே போனது? தனகோட்டியின் போனுக்கு. அது அவரோடு ஷிப்டுக்குப் போய்விட்டது. வேலை நேரத்தில் பைக்குள்ளே கிடக்கிறது. வீட்டுக்கு இருப்பதே அந்த ஒரு போன்தான். எனக்கு வர வேண்டியது மாலையில்தான் வந்திருக்கும். சாயந்திரம்! அதுவரைக்கும் இவ தாங்கியிருப்பாளா?

நூற்றியெட்டை வரவழைத்து கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்துக் குறைத்திருக்கிறார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

இசைப்பிரியாவைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன். "உன் காலேஜ் புராஜெக்டுக்கு எங்க ஊர் வயித்துப் பிள்ளைங்கதான் கெடைச்சுதா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நேற்று நான் அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்திருந்தால்?

எதிர்த்து ஏதாவது சொல்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "செந்தாமரை அக்கா எந்த வார்டுங்க்கா?" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் எனக்கு முன்னால் அங்கே இருக்கிறாள். நேற்றும் வந்தாளாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செந்தாமரையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், யார் வீட்டில் போன் வீட்டிலேயே இருக்கும், எந்த நேரத்தில் உட்கார முடியும், எழுத்து வந்தால் படிப்பீர்களா, சத்தம் வந்தால் கேட்குமா...

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "எங்க வூட்லயும் டிவி நின்னா செவப்புதாங்க்கா எரியும். எங்கப்பா போனும் ஷிப்டுக்குப் போயிடும். பொறந்ததுலேர்ந்து பாத்துகினு இருக்கேன். பெட்டி செய்யறப்ப மட்டும் அதெல்லாம் ஞாபகத்துக்கே வரல."

இருபத்தொரு வயதில் தப்பை இப்படி நேராகப் பார்க்க எனக்குத் தெரியாது. நாற்பத்தாறிலும் சந்தேகம்தான். அவள் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

மார்ச் 22, சனி

செந்தாமரை மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டு வாசலிலேயே தெருப் பெண்களை உட்கார வைத்து இசைப்பிரியா புதுப் பெட்டியைக் காட்டினாள். விளக்கே கிடையாது. இது பேசும். பிரஷர் ஏறினால் எனக்கு உடனே போன் வரும். பகலில் போன் வீட்டிலேயே இருக்கிற பக்கத்து வீடுகளுக்கும் வரும், யாராவது ஒருத்தர் எடுக்கிற வரைக்கும் விடாது.

ஆனால் பெட்டி பேசியதைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "தங்கள் இரத்த அழுத்தம் அதிகமாக உள்ளது. தயவுசெய்து அருகிலுள்ள மருத்துவமனையை அணுகவும்." கம்ப்யூட்டர் குரல். தேனாக ஒழுகுகிறது.

வள்ளியம்மாள்தான் ஆரம்பித்தார். "இவ போன்ல தெனம் பேசறவதான? பேலன்சு இல்லனு சொல்லுவா. யாரு கேக்கறா? நம்ம நர்சம்மா திட்டினாதான் ஒடம்புல ஒறைக்கும்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். எனக்கு இந்த ஊரில் இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் குவார்ட்டர்ஸில் ரெக்கார்டிங். சத்தம் வரக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டாள். வேர்த்துக் கொட்டுகிறது. எழுதிவைத்துப் படித்தால் வரவில்லை. "செந்தாமரை எதிர்ல உக்காந்துகினு ஒண்ணும் இல்லனு சொல்றதா நெனச்சிக்கோங்க்கா" என்றாள். அவ்வளவுதான், தானாக வந்துவிட்டது.

"என்னடி உக்காந்துகினு இருக்க? பிரஷர் ஏறிப்போச்சு. கையில இருக்கற வேலையப் போடு. கெளம்பு ஆஸ்பத்திரிக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்ன, நான் வூட்டுக்கே வந்துடுவேன்!"

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த இவர் அலறி எழுந்து வெளியே வந்தார். "நான் என்ன பண்ணேன்?"

இசைப்பிரியா சிரித்த சிரிப்பில் அந்தத் தடவை எடுத்ததை மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று கடலூரில் ஆய்வுக் கூட்டம். போனை எல்லாம் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார்கள். மதியம் வெளியே வந்து பார்த்தால் பெட்டியிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். செந்தாமரை வீட்டுப் பெட்டி.

எட்டாம் மாதம். போன தடவையும் எட்டாம் மாதம். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. ஐயோ, எடுங்கடி...

மூன்றாவது தடவை எடுத்தாள். "சிஸ்டர், நாங்க ஆஸ்பத்திரிலதான் இருக்கறோம். உள்ள கூட்டிகினு போயிட்டாங்க. பெட்டியில நீங்க கத்தின கத்துல வள்ளியம்மா கொதிக்கிற கொழம்ப எறக்கி வெச்சிட்டு ஆட்டோ புடிக்க ஓடிட்டாங்க. அவ எனக்கு ஒண்ணும் இல்லனுதான் சொன்னா. யாரும் காதுல வாங்கல."

நான் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. எடை ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. குரல் எழும்பவில்லை, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தாய்க்கு வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர்.

தனகோட்டி ஷிப்ட் உடையோடு வந்து கதவுக்கு வெளியே நின்றிருந்தார். நிலக்கரித் தூசி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். என்னை எதுக்குக் கும்பிடணும்? நான் கூட்டத்தில் இல்லையா உட்கார்ந்திருந்தேன்? அந்தப் பெண்ணைக் கும்பிட வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குழந்தை இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். இசைப்பிரியாவுக்குப் பரீட்சை நேரம். ஆனாலும் தினமும் அவளிடமிருந்து ஒரே கேள்வி: "எடை ஏறுதாங்க்கா?"

ஏப்ரல் 23, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள்! தானாக மூச்சு விடுகிறாள்.

மே 5, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள், தாயும் மகளும். வள்ளியம்மாள் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். குழந்தைக்குப் போடுங்கள் என்றால், "ஓங் கொரலுக்குத்தாம்மா மொதல்ல" என்கிறார்.

இன்னும் பல தெருக்களுக்கும் காடாம்புலியூருக்கும் பெட்டி வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அத்தனையும் யார் செய்வது? இசைப்பிரியா அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறாள். கோடை லீவில் முத்தாண்டிக்குப்பத்து ப்ளஸ் ஒன் பெண்களைத் தன் வீட்டில் உட்கார வைத்து, ஒயர் பற்றவைக்கவும் புரோகிராம் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறாள். போய்ப் பார்த்தேன். இதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள். ஒருத்தி தான் முடித்த பெட்டியை என் காதருகே நீட்டி, என் திட்டையே எனக்குப் போட்டுக் காட்டினாள்.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. இந்த ஊர் நம் வயதுக்காரர்களை நம்பி இருக்க வேண்டியதில்லை. அது எத்தனை நிம்மதி.

ஜூன் 18, புதன்

முத்தாண்டிக்குப்பத்தில் சத்யா என்ற பெண்ணின் வீட்டில் புதுப் பெட்டி வைத்தோம். அவளுக்கு இது தலைப்பிரசவம். முகமெல்லாம் பயம். "பேசறத ஒரு தடவ போட்டுக் காட்டு" என்று இசைப்பிரியாவிடம் சொன்னேன். பட்டனை அழுத்தினாள்.

என் குரல் இல்லை.

"நான் வடக்குத்து செந்தாமரை பேசறேன். எனக்கு ஒண்ணும் இல்லனு நானும்தான் சொல்லிகினு இருந்தேன். ஒனக்குப் பிரஷர் ஏறியிருக்குது. ஒடனே கெளம்பு. பயப்படாத, நான் போயி வந்தவதான்."

சத்யா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். நான் திட்டியபோது யாரும் இன்னொரு தடவை கேட்டதில்லை.

"செந்தாமரை அக்காவே வந்து கேட்டாங்க. நானும் பேசட்டுமானு" என்றாள் இசைப்பிரியா. "வடக்குத்துல உங்க கொரல் அப்பிடியேதான் இருக்குதுங்க்கா." எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுபடியும் போட்டாள். இந்தத் தடவைதான் கவனித்தேன். செந்தாமரை பேசுகிற நேரம் முழுக்கப் பின்னால் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்துகிறது.

"எத்தினி தடவ எடுத்தும் அவ நிறுத்தவே இல்லீங்க்கா" என்றாள் இசைப்பிரியா. "பரவால்ல, அந்தச் சத்தத்த மட்டும் தனியா எடுத்துடலாம். எடுத்துடட்டுங்களா?"

"தொட்ட, கைய ஒடைப்பேன்" என்றேன்.