நான்காம் பீப்பாய் ஒழுகுகிறது

டென்னஸி
மே 6, 2019

அன்புள்ள நடீன்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். புருஷனை வீட்டைவிட்டுத் துரத்திய சந்தோஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நம் ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்கிறேன். நாளைக்கு நீ மாற்றிப் பேசக்கூடாது. கொட்டகையில் கிடக்கிற ஏழு பீப்பாய் விஸ்கிக்கும் மார்ச்சோடு இரண்டு வயது முடிந்தது, திறந்து விற்கலாம் என்கிறாய் நீ. இன்னும் இரண்டு வருடம் கிடக்கட்டும் என்கிறேன் நான். அதற்காகத்தான் ஊர் ஊராகப் போய், நம்மைப் போன்ற சின்ன வடிசாலைகளில் இரண்டு வயது விஸ்கியை ருசி பார்க்கிறேன். ஒன்றையாவது துப்பாமல் விழுங்கினால் நான் தோற்றேன், நீ திறக்கலாம். அதுவரை எந்தப் பீப்பாயின் அடைப்பையும் பிடுங்கமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறாய்.

இங்கே விஸ்கியைக் கரியில் வடிகட்டுகிறார்கள். குடித்தால் துவைத்துக் காயப்போட்ட சட்டைபோல இருக்கிறது. அதை அப்படியே சொன்னேன். வடிசாலைக்காரன் முகம் சிவந்துவிட்டது.

“பெரியவரே, நீங்க இதுவரைக்கும் எத்தன பாட்டில் வித்திருக்கீங்க?” என்றான்.

“ஒண்ணுகூட விக்கல. அதான் என் பேரு இன்னும் கெடாம இருக்கு” என்றேன்.

துப்பினேன். அடுத்து டெக்சஸ். முகவரி பின்பக்கம்.

இப்படிக்கு,
வெர்லின் ஸ்டிதம்
தலைமை வடிப்பாளர்


பக்கார்ன் ஓடை, கென்டக்கி
மே 14

தலைமை வடிப்பாளர் அவர்களுக்கு,

நம் வடிசாலையில் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமை என்றால் மற்றவர் யார் என்று யோசித்துக்கொண்டே இன்று சோளம் கிண்டும் அண்டாவைத் தேய்த்தேன்.

கோபத்தில் நீ ஃபிரிட்ஜ்மேல் விட்டுப்போன செல்போன் தினமும் அடிக்கிறது. உன் தங்கைதான். நீ விஸ்கி குடிக்க ஊர் சுற்றுகிறாய் என்று சொன்னேன். “அவனா? அவன் துப்பத்தானே போயிருப்பான்” என்றாள். உன்னைத் தெரிந்தவள்.

செய்திக்கு வருகிறேன். நான்காம் பீப்பாய் ஒழுகுகிறது. அடிப்பக்கம் இரண்டு பலகை சேருமிடத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கீழே வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு அரை ஜாடி. என்ன செய்ய?

நடீன்


டெக்சஸ்
மே 21

நடீன்,

பதறாதே. பீப்பாயை உருட்டாதே. ஆணி அடிக்காதே. பசை தடவினால் நான் வீட்டுக்கே வரமாட்டேன். குளத்தில் சம்பங்கோரை இருக்கிறது. காய்ந்ததாக ஒரு தட்டை வெட்டி, அந்த இடுக்கில் வைத்து உளியால் மெல்லத் தட்டி இறக்கு. ஈரம் பட்டதும் ஊதி அடைத்துக்கொள்ளும். உனக்குக் கை வராவிட்டால் பக்கத்து வீட்டு ஹோபர்ட்டைக் கூப்பிடு. அவன் பீப்பாய்ப் பட்டறையில் இருந்தவன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். அவனுக்குத் தாகம் அதிகம்.

ஜாடியில் விழுந்ததைத் தொடாதே. முகர்ந்தும் பார்க்காதே.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவதைத் தேவதைகளின் பங்கு என்போமே, டெக்சஸ் தேவதைகள் மொடாக்குடியர்கள். இரண்டே வருடத்தில் கால்வாசியைக் காலி செய்துவிடுகின்றன. வடிசாலையை நடத்துவது டெஸ்ஸி கல்பெப்பர் என்ற விதவை. வேலிக்கருவைச் சுள்ளியில் புகைபோட்ட சோளத்தில் வடிக்கிறாள். என் வண்டியில் ரேடியேட்டர் போய்விட்டதால் சில நாள் இங்கேதான். சும்மா சாப்பிடக் கூடாதென்று பம்பு ரிப்பேர் செய்துகொடுக்கிறேன். பீச் பழம் போட்டு ஒரு பலகாரம் சுடுகிறாள். பரவாயில்லை.

அவள் விஸ்கியையும் துப்பினேன். துப்பக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

வெர்லின் ஸ்டிதம்
தலைமை வடிப்பாளர்


பக்கார்ன் ஓடை
மே 30

வெர்லின்,

ஹோபர்ட் வந்து கோரை அடித்தான். ஒழுகல் நின்றுவிட்டது. உன் கடிதம் வருவதற்குள் ஐந்து ஜாடி நிறைந்துவிட்டது. குடித்தேன்.

கத்தாதே. அடைப்பைப் பிடுங்கமாட்டேன் என்றுதான் பைபிள்மேல் சொன்னேன். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பீப்பாய் தானாகக் கொடுத்தது. போதகரிடமும் கேட்டுவிட்டேன். சத்தியம் மீறவில்லை என்றார். ஜாடியையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

எனக்குப் பிடித்திருந்தது, வெர்லின். ஹோபர்ட்டிடமும் ஒரு வாய் கொடுத்தேன்.

“எப்படிடா இருக்கு?” என்றேன்.

“இன்னொண்ணு ஊத்துக்கா, யோசிச்சுச் சொல்றேன்” என்றான். நான்கு முறை யோசித்தான்.

தபாலில் சாராயம் அனுப்பக்கூடாதாம். அதனால் இந்தக் கடிதத்தின் கீழ்ப்பாதியில் மூன்று ஸ்பூன் ஊற்றிக் காயவைத்து அனுப்புகிறேன். கறை தெரிகிறதல்லவா, அங்கே மூக்கை வை. ஊரெல்லாம் பெருமை பேசுகிற மூக்குதானே.

கல்பெப்பர் அம்மாளிடம் கொடுக்காதே. அவளுக்குப் பலகாரம் சுடுகிற வேலை இருக்கும்.

நடீன்


டெக்சஸ்
ஜூன் 9

அன்புள்ள நடீன்,

முகர்ந்தேன். முதலில் வினிகர். பிறகு சோம்புத்தழை. பிறகு பூண்டு. ஜாடியைக் கழுவவே இல்லையா நீ? ஊறுகாய்க்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பீப்பாயின் கருக்கிய ஓக் மரம் நின்றது. அதற்கும் பின்னால் நம் சோளம்.

நான் கடிதத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்து டெஸ்ஸி ஓடி வந்தாள். நீ சொல்லியும் கொடுக்க வேண்டியதாயிற்று. அவளும் முகர்ந்தாள்.

“யோவ், இது தயாரு. தயாராகாதது நீதான்யா” என்றாள்.

அவளிடம் கோபித்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். வண்டிதான் ஓடாதே. அதனால் யோசிக்க வேண்டி வந்தது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். வந்த இரண்டாம் நாளே அவள் விஸ்கியை விழுங்கிவிட்டேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே விழுங்கினேன். நன்றாக இருந்தது. கணக்குப்படி நான் தோற்று மூன்று வாரம் ஆகிறது. ஆனால் ‘திற’ என்று எழுதக் கை வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, நடீன். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளை ரிப்பேர் செய்தேன். பேருந்து ஓடினால் யாரும் பாராட்டமாட்டார்கள், நின்றால் திட்டுவார்கள். இந்த ஏழு பீப்பாய்தான் நானாகச் செய்தது. மூடிக்கிடக்கிறவரை அது உலகத்திலேயே நல்ல விஸ்கி. திறந்துவிட்டால் அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும்.

இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் நான்கு வருடம், ஓக் மரம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

வெர்லின்


பக்கார்ன் ஓடை
ஜூன் 17

அன்புள்ள வெர்லின்,

நீ விழுங்கியதாக எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். கடிதத்தை மேசைமேல் வைத்தேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஏழு பீப்பாயையும் திறந்துவிட்டேன்.

உனக்குப் பொய் எழுதமாட்டேன். உலகத்திலேயே நல்ல விஸ்கி இல்லை. நான்கு பீப்பாய் நன்றாக இருக்கிறது. இரண்டு சுமார். ஏழாவதில் நனைந்த நாய் வாடை அடிக்கிறது. அதை வடித்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ ரேடியோவில் கூடைப்பந்து கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் வருகிற நாற்றச் சாற்றைப் பிரித்து ஒதுக்க வேண்டிய நேரத்தில் நம் கென்டக்கிப் பையன்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். “ஒரு நிமிஷம் இரு, ஒரே நிமிஷம்” என்று நீ கத்தியது வீட்டுக்குள் கேட்டது. அந்த ஒரு நிமிஷம் முழுக்க ஏழாம் பீப்பாயில் இருக்கிறது.

மற்ற ஆறையும் பாட்டிலில் அடைக்கத் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழியில் வந்து இரண்டு பேர் கேட்டார்கள். திரும்பி வருகிற வழியில் ஒன்பது பேர்.

நானும் ஒன்று சொல்கிறேன். பீப்பாய்க்கு வயதாவதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. எனக்கு வயதாகிறது. இரண்டு வருடமாகச் சாயங்காலமானால் கொட்டகையில் நாற்காலி போட்டு அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாய். நான் அவரைக்காய்ச் சூப்பையும் சோளரொட்டியையும் ஆறவிட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறேன். உன்னோடு சேர்ந்து சுமாரான விஸ்கி விற்றுக்கொண்டு வாசலில் நின்று வம்பு பேசத்தான் நான் இந்த வேலைக்குச் சம்மதித்தேன். அழுதுகொண்டேதான் திறந்தேன். மூன்றாம் பீப்பாய்க்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. ருசி பார்க்க வேண்டியிருந்தது.

வருவதும் வராததும் உன் இஷ்டம். அடுத்த சோளம் திங்கட்கிழமை வந்து இறங்குகிறது.

நடீன்


டெக்சஸ்
ஜூன் 22

அன்புள்ள நடீன்,

சுமார் என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பசித்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். நான் அப்படியேதான் இருந்தேன், ஒன்றும் ஆகிவிடவில்லை.

பாட்டிலில் அடைக்கும்போது தண்ணீர் எவ்வளவு கலந்தாய் என்று எழுதவில்லை. தப்பாகத்தான் கலந்திருப்பாய். வாசலில் நின்று பேச நமக்கு நிறைய இருக்கிறது. ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டது. இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா தெரியாது.

ஏழாவதை மட்டும் கொட்டிவிடாதே. அந்த நாய் வாடை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அன்றைக்கே மூக்குச் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒன்றையும் திறக்கவிடாமல் காவல் உட்கார்ந்திருந்தேன். அது என் பங்கு, நானே குடித்துத் தீர்க்கிறேன். துப்பமாட்டேன்.

உன்,
வெர்லின்