கையில் எழுதிய நம்பர்

பக்ரி,

மருத்துவமனை வேலைக்குப் போன நீங்கள் மூன்று நாளாக வரவில்லை, போனும் எடுக்கவில்லை. காலையில் எதிர்வீட்டு மாடியில் குண்டு விழுந்தது. பிள்ளைகளோடு கார்த்தூமை விட்டு எகிப்து எல்லைக்குப் பேருந்தில் கிளம்புகிறேன். இரண்டு நாள் பயணமாம்.

வழியில் தொலைந்தால் யாராவது கூப்பிடட்டும் என்று இருவர் கையிலும் உங்கள் நம்பரைப் பேனாவால் எழுதினேன்; என் போனில் சார்ஜ் இல்லை, நீங்களாவது எப்போதாவது எடுப்பீர்கள். "அம்மா, தம்பி நம்பர நக்கியே அழிச்சிட்டான்!" என்று தஸ்னீம் சிரித்தாள். மறுபடி எழுதினேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அவித்த பயறு அடுப்படியில் இருக்கிறது. கரண்ட் இல்லை, புளித்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

இக்லாஸ்

பி.கு. அன்று வாசலில், "நோயாளிங்கதான் முக்கியம்னா அங்கயே கிடங்க" என்று கத்தினேன். அதனால்தான் நீங்கள் வரவில்லை என்று தஸ்னீம் நினைக்கிறாள். இல்லையென்று சொன்னேன், நம்பவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள்.