குழியில் அமராத காசு

இன்று இழுப்பறையைத் துடைத்தபோது அந்தச் சுட்ட மண் வில்லை கைக்கு வந்தது. நடுவில் காசு பதிந்த குழி, அதற்குள் சின்னச் சதுர மேடு, சுற்றிலும் நான்கு சீன எழுத்துகள். ஓரத்தில் உன் பெருவிரல் ரேகைகூட இருக்கிறது, பிடிவாதக்காரி.

விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கும் பட்டறையில் நாம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த தொண்ணூறுகள் அவை. மற்றவர்கள் சேலைச் சீட்டு கட்டினார்கள். நீ சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகளுக்காக அலைந்தாய். பித்தளை விளிம்பில் அரம் தேய்த்த கோட்டைக் காட்டி, “இதுவும் நம்ம பொம்ம மாதிரி அச்சுல ஊத்தி எடுத்ததுடி” என்பாய். சீனம் யாருக்குத் தெரியும்? நூலகப் புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, கோலத்தைச் சரிபார்ப்பதுபோல எழுத்துகளை ஒப்பிடுவாய். மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படிப்பாய்.

பெண்ணாடத்தில் உன் நாத்தனார் வீட்டுப் பூஜை அறையில் அப்படி ஒரு காசு இருந்தது. அவருடைய மாமனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. என்ன காசென்று கண்டுபிடித்துச் சொல்வதாகக் கெஞ்சி வாங்கி வந்தாய். சாமி இடம் காலியாக இருக்க வேண்டாமென்று அதை ஈர மண்ணில் பதித்து, சூளையில் சுட்டு, அந்த வில்லையை அவருக்குக் கொடுத்தனுப்பினாய். மண் காய்ந்தாலும் சுட்டாலும் சுருங்கும். நமக்கு அது அவ்வளவு பழகிய விஷயம் என்பதால், சொல்ல வேண்டுமென்றே உனக்குத் தோன்றவில்லை.

காசைத் திரும்ப வாங்க உன் வீட்டுக்கு வந்த நாத்தனார், அதைக் கையோடு கொண்டுவந்த வில்லையின் குழியில் வைத்துப் பார்த்தார். காசு அமரவில்லை.

“எங்க காசுன்னா இதுல உக்காரணும் இல்ல? வேற காசக் குடுத்து ஏமாத்துறியா?”

மண் சுருங்கும் என்று நீ சொன்னது அவர் காதில் ஏறவில்லை. லாரி ஓட்டும் உன் கணவரும் அக்கா பக்கமே நின்றார். நிரூபிக்காவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொன்னார்.

அவர்கள் கண் முன்னாலேயே புது மண்ணில் காசைப் பதித்தாய். ஈரத்தில் கச்சிதமாக அமர்ந்தது. நாத்தனார் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வில்லை காய்ந்து சூளைக்குள் போய் வரும்வரை உங்கள் வீட்டிலேயே தங்கினார். உன் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. வில்லை உடைந்துபோனால் உன் கதி என்ன? சூடு தணியும் முன்பே சூளையைத் திறக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

“ஆறட்டும்டி. இப்பத் தொறந்தா எல்லாம் வெடிச்சிடும்.”



வில்லை முழுசாக வந்தது. நாத்தனார் முடிச்சை அவிழ்த்து, காசைத் தானே வைத்துப் பார்த்தார். அதே காசு இதிலும் அமரவில்லை; மண் சுருங்கும் என்று நீ சொன்னது மெய்யானது. உன் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் வில்லையைப் போட்டுவிட்டு, காசை மறுபடி முடிந்துகொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினார். அதுவரை அழாத நீ அப்போதுதான் அழுதாய்.

“என்னா காசுன்னு ஒரு வார்த்த கேக்கலியேடி.”

அதன் பிறகு நீ காசு தேடவே இல்லை. அந்த அம்மாள் மேல் எனக்கிருந்த கோபம் குறையவும் இல்லை.

போன மாதம் உன் கருமாதிக்கு அவர் தடி ஊன்றி வந்திருந்தார். எல்லோரும் பந்திக்குப் போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து அதே காசை எடுத்தார்.

“இது என்னா காசுன்னு அவ ஒன்கிட்டயாவது சொன்னாளா?”

பதில் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. பிறகு உனக்காக, அன்று நீ எனக்குப் படித்துக் காட்டியதைச் சொன்னேன். சியென், லுங், துங், பாவ். முதல் இரண்டும் சீன ராஜாவின் பெயர் என்றேன். அவர் ஒவ்வோர் எழுத்திலும் விரலை வைத்துத் திருப்பிச் சொன்னார். மேல், கீழ், வலம், இடம்.

கேட்டுவிட்டாரடி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.