துரைக்குப் பூச்சி இல்லை

இன்றும் என் சமையலறையில் நெத்திலிக் கருவாட்டு நாற்றம். நான் மீன் சாப்பிடாதவள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன் பூனை துரையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயா என்று, அவன் மாத்திரையைக் கருவாட்டுத் தூளில் புரட்டும்போதெல்லாம் கேட்கத் தோன்றுகிறது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் நம்முடையவை. துரை வாந்தியெடுத்து இளைத்தபோது நீ பூச்சி மருந்து கொடுத்தாய். ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு எக்கச்சக்கமாக ஏறியிருந்ததும் உனக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, பூச்சிதான்" என்று மறுபடியும் கொடுத்தாய். அதற்குப் பிறகும் கொடுத்தாய். அவன் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பின்தான், என் நச்சரிப்பு தாங்காமல், ஸ்கேனுக்கு ஒத்துக்கொண்டாய்.

கால்நடை மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். "குடல் சுவர் தடிச்சிருக்கு மேடம். ஊசியில எடுத்த செல்லுல கேன்சர் இருக்கு. சில பூனைங்களுக்கு அந்தக் கேன்சரே ஈசினோஃபிலை ஏத்தி விடும்."

"இந்த ஊர்ல யாருக்கு டாக்டர் அது ஏறல? மரம் பூத்தா மகரந்த அலர்ஜியில எனக்கு ஏறுது, இவளுக்கு ஏறுது. துரைக்கு மட்டும் கேன்சரா?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி. ஜுவாலஜி எம்.எஸ்ஸி.தானே நீ?"

"அவர் சொல்றது சரி" என்றேன்.

ஆட்டோவில் வீடு வந்தோம். இறங்கும்போது, "மாத்திரை குடுக்கறேன். அவன் பிழைக்கலன்னா உன்னத்தான் கேப்பேன்" என்றாய்.

கேட்க நீ இருந்தாயா? படியேறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாய். டாக்டரிடம் போகலாம் என்றால், "சும்னிருடி, மரம் பூத்திருக்கு" என்று கையை வீசினாய். பூனையின் குடலுக்கு ஸ்கேன் எடுத்தவள், தன் நெஞ்சுக்கு ஓர் இ.சி.ஜி. எடுக்கவில்லை. துணி உலர்த்தப் போன மொட்டைமாடியிலேயே முடிந்துவிட்டது. "படுக்காம போனா, நல்ல சாவு" என்றார்கள் கல்லறையில். எனக்கோ உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

துரை என்னை மதிப்பதில்லை. மாத்திரையைத் துப்புகிறான், கையுறையோடு சேர்த்துக் கடிக்கிறான். நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். ஈசினோஃபில் இறங்கிவிட்டது. வெளியே மரங்கள் பூத்துத்தான் கிடக்கின்றன.

இன்று அவனுக்குப் பரிசோதனை. உன் பிரம்புக் கூடையில் அடைத்துத் தூக்கினேன். வாசலைத் தாண்டுவதற்குள் கை கடுத்து, கீழே வைத்து மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. எடை போட்டிருக்கிறான், உன் துரை.

இப்போது வந்து கேளேன்.