நிரம்பாத கட்டத்தில் வந்து நின்ற நைனாவுக்கு

நைனா,

என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பல் தேய்த்தால் ஒரு நட்சத்திரம், தட்டைக் கழுவி வைத்தால் ஒரு நட்சத்திரம். காலையில் முதல் நட்சத்திரத்தை உரித்தபோது விரலில் கோந்து ஒட்டிக்கொண்டது. அந்த வாசனையிலேயே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

திருப்பதி வீட்டுச் சுவர் கண்ணுக்குள் வந்தது. நீ குவைத்துக்கு வண்டி ஓட்டப் போன பிறகு, கார்வேட்டிநகரத்தை விட்டு நானும் அம்மாவும் குடிவந்த ஒற்றை அறை. எனக்காகத்தான் வந்தோம், புதிதாக முளைத்த இங்கிலீஷ் மீடியத்துக்காக. மிஸ் என் நோட்டில் ஸ்டார் ஒட்டுவதைப் பார்த்து அம்மாவும் ஆரம்பித்தாள். ஸ்டாருக்கு எங்கே போவது? தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டாள். நான் அடம்பிடிக்காத நாளுக்கு, தெலுங்கு காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

"மாசம் பூரா ரொம்பட்டும், நைனா வந்துருவாரு" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. திருமலை அடிவாரத்து அலிபிரியில் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே மலையேறுவதைப் பார்த்திருந்தேன். காலண்டர் கட்டமும் எனக்குப் படிதான். ஒன்றையும் விடாமல் ஏறினால் உச்சியில் நீ நிற்பாய்.

அதன்பிறகு அந்தத் தெருவில் என்னைப் போல் நல்ல பிள்ளை கிடையாது. பாகற்காயை மிச்சம் வைக்காமல் தின்றேன். முட்டி பெயர்ந்தாலும் அழவில்லை. மாதம் நிரம்பியது, நீ வரவில்லை. தப்பு என்னிடம்தான் என்று நினைத்தேன். மனசுக்குள் அம்மாவைத் திட்டிய நாளுக்கும் பொட்டு வாங்கிவிட்டேனோ என்று கட்டம் கட்டமாகத் தேடினேன்.

பிறகு ஒரு மத்தியானம், மாங்காய் சீசனில், பெட்டியோடு வாசலில் நின்றாய். முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடித்து வைத்திருந்தேன். கட்டம் காலி. கட்டிலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன்.

"ஏன் வந்த நைனா? நேத்து பொட்டு இல்ல. கட்டம் இன்னும் ரொம்பல."

முதலில் சிரித்தாய். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாய்.

"அரபி லீவு குடுத்தா வருவேன், குடுக்கலன்னா வர மாட்டேன். அதுக்கும் உனுக்கும் சம்மந்தமே இல்ல கண்ணு. நீ கடிச்சாலும் வருவேன், சண்ட போட்டுக்கினு இருந்தாலும் வருவேன்."

அப்புறம் அம்மாவின் பொட்டு அட்டையைப் பிடுங்கி என் மூக்கில், கன்னத்தில், உன் மீசையில் என்று ஒட்டித் தீர்த்தாய். "புது அட்டை, பாழ் பண்ணிட்டியே" என்று அம்மா கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள். முகமெல்லாம் பொட்டோடு மூன்று பேரும் தரையில் தூங்கிப்போனோம். மேலே ஃபேன் சுற்றியது. சிவப்புப் புள்ளிகளும் கூடவே சுற்றின. அது நடந்ததா, தூக்கத்தில் கண்டதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீ செத்துப்போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், எவ்வளவு தைரியமான பெண் என்று. வேளைக்குச் சாப்பிட்டேன். யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. அழவே இல்லை. யாருக்காக இத்தனை சமர்த்தாக இருக்கிறேன் என்று இன்றைக்குத்தான், பொங்கிய பாலைத் துடைக்கும்போது உறைத்தது. கரித்துணியை வீசியெறிந்து உன்னைத் திட்டத் தொடங்கினேன். மாத்திரையை ஒளித்து வைத்ததற்கு, நெஞ்சு வலியைச் சொல்லாததற்கு, சொல்லாமல் போனதற்கு.

மகன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "யார் கூடம்மா சண்ட போட்டுக்கினு கீற?"

"எங்க நைனா கூட."

"தாத்தாதான் இல்லியே?"

"இல்லதான். ஆனா சண்ட போட்டா கோச்சிக்க மாட்டாரு."