கறுத்த திரை

செவ்வாய், இரவு. மீனவர் சங்கக் கந்தோர்.

ஒரே கணினிக்குள் மூன்று கணினிகளை ஓடவிட்ட மன்னார்க்காரன் நான் ஒருவன்தான். அதில் ஒன்றுதான் பள்ளிமுனைப் படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டுவது. மூன்றையும் தாங்கும் அடி இயங்குதளமாகப் பழைய, நிலையான லினக்ஸைப் போடச் சொன்னாள் தங்கச்சியின் மகள் மெலனி. நான் புத்தம் புதிய சோதனைப் பதிப்பைப் போட்டேன்.

"மாமா, புது எஞ்சினைக் கரையோரம் ஓட்டிப் பாக்காமல் ஆழக்கடலுக்குக் கொண்டுபோவினமோ?"

"போடி, கொழும்பு இஞ்சினியர்மாரே என்னட்டைக் கேட்டுத்தான் செய்யிறவை!"

இன்று மாலை கணினி தானாக அணைந்து எழும்பியது. உள்ளே இருந்த மூன்றும் எழும்பவில்லை. காற்றும் பிடித்துவிட்டது.

சற்று முன் மெலனி போன் எடுத்தாள். "அப்பான்ர படகு எங்க நிக்குது, மாமா?"

"இந்தா தெரியுது பிள்ளை, கரைக்குக் கிட்ட வந்திட்டார். நீ படு."

திரை கறுப்பாகவே இருக்கிறது. கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது.